டப்பா சாப்பாட்டுக்குக் கொல்லைக் கீரை: மத்தியானம் வரை கறுக்காமல், கெடாமல் எப்படிக் கட்டுவது?

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். நான் தினமும் தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரர் நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார், பெண் ஏழாவது, பையன் இரண்டாவது, ஆக விடிந்ததும் நாலு டப்பா கட்டியாக வேண்டும். ஐந்தரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் ஏழேகாலுக்குள் எல்லாவற்றையும் மூடிப் பையில் வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் வேன்காரர் காத்திருக்க மாட்டார்.

வெண்டைக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். கேள்வி கீரையைப் பற்றித்தான். எங்கள் கொல்லையில் அத்தை கையால் வளர்த்த செடிகளே ஒரு பெரிய வரிசை இருக்கிறது. முருங்கை, முள்முருங்கை, வேலியில் பிரண்டை, அதன் மேலேயே படர்ந்த தூதுவளை, துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் இடத்தில் வல்லாரை, கிணற்றடியில் இரண்டு கறிவேப்பிலை மரம், நார்த்தை, நாலைந்து வாழை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் கடையில் புலாவ் மசாலா பாக்கெட் வாங்குவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் முருங்கைக்கீரைப் பொரியல் வைத்து அனுப்பினால் மத்தியானம் திறக்கும்போது கறுத்துப்போய், தண்ணீர் விட்டு, பக்கத்தில் இருக்கிற சோறு வரை ஊறி, ஒரு மாதிரி வாடை வருகிறது என்று பெண் அப்படியே திருப்பிக் கொண்டு வந்துவிடுகிறாள். சூடு பண்ணிச் சாப்பிட எங்கள் ஆபீசிலும் வசதி கிடையாது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எந்தக் கீரையை எந்த ரூபத்தில் வைத்தால் ஐந்து ஆறு மணி நேரம் தாங்கும்? முந்தின நாள் ராத்திரியே எதைச் செய்து வைக்கலாம், எதைக் காலையில்தான் செய்ய வேண்டும்? பையனுக்குக் காரமும் கசப்பும் ஆகாது. பன்னீர், காளான் என்று செலவு வைக்கும் யோசனை வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்தே சொல்லுங்கள்.

குடந்தை அடுப்படி எழுதியது:

கொல்லை நிறைய இவ்வளவு இருக்கும்போது உனக்கு என்னம்மா குறை. வயசில் பெரியவள் என்பதால் நீ, வா என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கீரையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். காலையில் சூடாகப் பொரியல் பண்ணி மூடினால் அந்த ஆவி மூடியில் முட்டித் திரும்பச் சொட்டும், கீரையிலிருந்து மிச்சத் தண்ணீரும் இறங்கும், நீ சொல்கிற வாடை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் டப்பாவுக்கு என்றால் பொரியல், மசியல், கூட்டு மூன்றையும் விட்டுவிடு. அவை வீட்டில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட வேண்டியவை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள். டப்பாவுக்குத் துவையல், தொக்கு, பொடி. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்குக் கட்டிக்கொண்டு போகிற சாதம் எல்லாம் பார், புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர். அடுப்பை விட்டு இறங்கி எத்தனையோ நாழி கழித்துத்தான் படித்துறையில் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. புளிப்பும் உப்பும் எண்ணெயும் கட்டிக் காப்பாற்றுகிற சாப்பாடு அது. கீரையையும் அந்த வழிக்குக் கொண்டு வந்துவிடு.

வல்லாரையில் ஆரம்பி. ஒரு பெரிய கைப்பிடி இலை, இளந்தண்டோடு பறித்து மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசித் துணியில் பரப்பி வை. ஈரத்தோடு வாணலியில் போடாதே. நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு இரண்டு ஸ்பூன் சிவக்க வறுத்து, நாலு காய்ந்த மிளகாய், துளி பெருங்காயம், நெல்லிக்காய் அளவு புளி, ஒரு துண்டு இஞ்சி எல்லாம் அதிலேயே பிரட்டி எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இலையைப் போட்டு வதக்கு. முதலில் சுருண்டு தண்ணீர் விடும், அப்போதே இறக்கிவிடக் கூடாது. தண்ணீர் சுண்டி, இலை நிறம் மாறி, வாணலியில் கரண்டி பட்டால் சரசரவென்று ஒரு சத்தம் வரும், அதுதான் பக்குவம். ஆறினதும் தண்ணீரே விடாமல் உப்பு வைத்துக் கொரகொரப்பாக அரை. மிக்ஸி ஓடவில்லை என்றால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடு, தண்ணீர் விடாதே.

இதோடு நிறுத்தினால் துவையல், அன்றைக்கு மட்டும் தாங்கும். அரைத்ததைத் திரும்ப வாணலியில் போட்டு இரண்டு கரண்டி நல்லெண்ணெய், கடுகு தாளித்து, சின்னத் தீயில் எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும் வரை கிளறினால் தொக்கு. ஃபிரிட்ஜில் வைத்து ஈரம் படாத ஸ்பூனால் எடுத்தால் ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பண்ணி வை, காலையில் ஆறின சோற்றில் இரண்டு ஸ்பூன் போட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது. மேலே வறுத்த வேர்க்கடலை போடு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பிரண்டையும் இதே முறைதான், ஆனால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தொடு, இல்லாவிட்டால் அரிப்பு பிடுங்கி எடுத்துவிடும். நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடியும் கொழுந்துக் கணுக்களை மட்டும் எடு. விளிம்பில் இருக்கும் நாரை உரித்துவிட்டு, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும் வரை எண்ணெயில் வதக்கினால்தான் நாக்கிலும் தொண்டையிலும் நமநமப்பு இருக்காது. புளி கொஞ்சம் கூடவே வை. அவசரத்தில் அரைவதக்கலாக அரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே, அந்தப் பிள்ளை ஜென்மத்துக்கும் பிரண்டை தொடாது.

பூண்டு பிடித்தால் சேர்த்துக்கொள். தேங்காய் மட்டும் டப்பாத் துவையலில் வேண்டாம்.

பெரியகோயில் மெஸ்காரர் எழுதியது:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் தஞ்சாவூரில் சின்னதாக மெஸ் வைத்திருக்கிறேன், ஆபீசுக்கும் ஹாஸ்டலுக்கும் பார்சல் கட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. தேங்காய் விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. பச்சைத் தேங்காய்தான் கெடும், கொப்பரையையோ துருவிய தேங்காயையோ ஈரம் சுத்தமாகப் போய்ப் பொன்னிறமாகும் வரை வறுத்துப் போட்டால் மத்தியானம் வரை தாராளமாகத் தாங்கும்.

நான் சொல்ல வந்தது சோற்றைப் பற்றி. எல்லோரும் குழம்பும் கறியும் கெட்டுவிட்டது என்கிறார்கள், நிறைய நேரம் வில்லன் சோறுதான். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கும், அது கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால் சோறு ஒன்று கை வைக்க முடியாத சூட்டில், அதாவது 60 டிகிரிக்கு மேல், சூடு தாங்கும் டப்பாவில் இருக்க வேண்டும், இல்லை நன்றாக ஆற வைத்துப் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குக்கரிலிருந்து எடுத்து அரைச்சூட்டில் சாதாரண டப்பாவில் அமுக்கி மூடுவதுதான் ஆபத்து. ராத்திரி முழுக்க வெளியே கிடந்த பழைய சோற்றில் எலுமிச்சை பிழிந்து பிள்ளைக்குக் கட்டுகிறார்கள் சிலர், தயவுசெய்து வேண்டாம்.

தங்கச்சி, உங்கள் நேரக் கணக்குக்கு இப்படிச் செய்யுங்கள். எழுந்ததும் முதல் வேலை சோறு. வழக்கமாக விடும் தண்ணீரில் கால் டம்ளர் குறைத்து வையுங்கள், வடிக்கிற வழக்கம் இருந்தால் ஒரு கொதி முன்னாலேயே வடித்துவிடுங்கள். வெந்ததும் அகலமான தாம்பாளத்தில் கொட்டி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் உப்பும் தூவி, கரண்டிக் காம்பால் மெதுவாகப் பரத்தி ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் ஆறி உதிர் உதிராக நிற்கும். அதன் பிறகுதான் தொக்கோ பொடியோ கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் குழையும், குழைந்த சோறு சீக்கிரம் புளிக்கும்.

வாழைப்பூ இருக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், நாலைந்து வாழை இருந்தால் பூ இல்லாமலா. டப்பாவுக்கு அதைவிட நல்ல தொடுகறி கிடையாது, உசிலி பண்ணுங்கள். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே எல்லோரும் சேர்ந்து ஆய்ந்துவிடலாம். ஒவ்வொரு பூவிலும் நடுவில் தலை தடித்து நிற்கும் கள்ளனையும் அடியில் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலையும் எடுத்துப் போட்டுவிட்டு, நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், கறுக்காது. துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் பாதிப் பாதி, மொத்தம் ஒரு டம்ளர், ராத்திரியே ஊறப்போட்டு அதையும் உள்ளே வைத்துவிடலாம். காலையில் வடித்து மிளகாய், பெருங்காயம், உப்பு வைத்துக் கொரகொரவென்று அரைத்து இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, ஆறினதும் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். இட்லிப் பானை அடுப்பில் இருக்கிற நேரத்திலேயே பூவை வேக வைத்துப் பிழிந்து எடுத்துவிடலாம். எண்ணெயில் தாளித்து இரண்டையும் சேர்த்துச் சின்னத் தீயில் பிரட்டப் பிரட்ட ஈரம் போய்ப் பொலபொலவென்று வரும். தண்ணீர் விடவும் விடாது, வாடையும் வராது. இதே முறையில் கொத்தவரங்காய், பீன்ஸ், முருங்கைக்கீரைகூடச் செய்யலாம். கீரையிலிருந்து வருகிற தண்ணீரையெல்லாம் பருப்பு குடித்துவிடும் என்பதால் நீங்கள் சொன்ன பிரச்சினையே இருக்காது, பருப்பு இருப்பதால் பிள்ளைகளுக்கு வயிறும் நிறையும்.

பாமணிக்கரை எழுதியது:

அம்மா, அண்ணன், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முருங்கைக்கீரையை உசிலி பண்ணலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அத்தையிடம் சொன்னேன், வருகிற செவ்வாய்க்கிழமையே செய்து பார்க்கலாம் என்கிறார். தாம்பாளமும் ஃபேனும் நாளையிலிருந்தே.

இன்னும் இரண்டு சந்தேகம். பையன் வல்லாரையைக் கசப்பு என்று துப்புவான், முள்முருங்கையை வைத்து அவனுக்கு ஏதாவது செய்ய முடியுமா? சளி பிடிக்கிற பிள்ளை, அதனால் அது கொடுத்தால் நல்லது என்று அத்தை சொல்கிறார். இரண்டாவது, பொடி என்று சொன்னீர்களே, முருங்கைக்கீரையை வெயிலில் காய வைத்தால் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடுகிறது, மணமும் இல்லை.

கோரையாற்று விவசாயி எழுதியது:

நாங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம். உங்கள் ஊரில் ஓடுகிற பாமணியாறும் எங்களுக்கு வருகிற கோரையாறும் நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருகிறவைதானே, அதனால் ஊர்க்காரர் என்ற உரிமையில் சில விஷயங்கள்.

பொடிக்குக் கீரையை வெயிலில் போடவே கூடாது. காலையில் பறித்து, அலசி, உதறி, காம்போடு சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அல்லது பழைய வேட்டியில் பரப்பிக் கூடத்தில் போடுங்கள். பங்குனி, சித்திரை என்றால் இரண்டு மூன்று நாளில் சருகாகிவிடும், பச்சையும் அப்படியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் காற்றிலேயே ஈரம் இருக்கும், காயாது, பூசணம் பூக்கும். அதனால் வருஷத்துக்கு வேண்டிய பொடியையும் மணத்தக்காளி, சுண்டைக்காய் வத்தலையும் கோடையிலேயே போட்டு வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் கீரையில் சேறும் புழுவும் அதிகம், அந்த இரண்டு மாதமும் டப்பாவுக்கு இந்தப் பொடியும் வத்தலும்தான் கைகொடுக்கும். தை பிறந்தால் பச்சை மொச்சை, அவரை வந்துவிடும், அப்புறம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால் வயலில் தெளித்த உளுந்தும் பயறும் வரும்.

காய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடிக்கு உளுந்து மூன்று ஸ்பூன், எள் ஒரு ஸ்பூன், மிளகாய் ஐந்தாறு, ஒரு சின்னத் துண்டு புளி, உப்பு, பிடித்தால் நாலு பல் பூண்டு தோலோடு. எல்லாவற்றையும் தனித்தனியே வறுங்கள், எள்ளைக் கடைசியில் வறுங்கள், அது பொரிய ஆரம்பித்த உடனே இறக்க வேண்டும். இலையை வெறும் வாணலியில் சூடு ஏறும் வரை பிரட்டினால் போதும். பொடித்து ஆற விட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. கொல்லைக் கீரை இருக்கும் வரை கொல்லைக் கீரையையே பறியுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் கரையெல்லாம் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தளதளவென்று வரும், பார்த்தால் பறிக்கத்தான் தோன்றும். ஆனால் இப்போது வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு அடித்தது இன்றைக்குத் தெரியாது, இலை பச்சையாகத்தான் நிற்கும், காய்வதற்குச் சில நாள் ஆகும். வயல்காரரைக் கேட்காமல் வரப்புக் கீரை பறிக்காதீர்கள். ஊருக்குள் சாக்கடை கலக்கிற வாய்க்கால் ஓரத்துக் கீரை வேண்டவே வேண்டாம்.

அரிசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டுச்சோற்றுக்குக் கிச்சிலிச்சம்பாவும் தூயமல்லியும் எங்கள் வீட்டில் நன்றாக அமைகின்றன, ஆறினாலும் விறைக்காமல் இருக்கும். மாப்பிள்ளைச்சம்பா என்றால் ராத்திரியே ஊற வைக்க வேண்டும், காலையில் எடுத்து உடனே வைத்தால் உங்கள் வேன் போய்விடும். ஆதிரெங்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து விதை நெல்லாக விவசாயிகளுக்குக் கொடுத்தார், நெல் திருவிழா நடத்தினார். அதற்குப் பிறகுதான் இந்த ரகங்கள் எங்கள் பக்கத்து வயல்களுக்குத் திரும்ப வந்தன. மன்னார்குடியிலிருந்து பக்கம்தான், விளைவிக்கிறவர்களிடமே நேரடியாக வாங்கலாம்.

திருவாரூர் செவிலி எழுதியது:

நான் சுருக்கமாக. கீரையில் இருக்கிற இரும்புச்சத்து கறியில், மீனில் இருப்பதுபோல் சுலபமாக உடம்பில் சேராது. அதோடு வைட்டமின் சி சேர்ந்தால் நன்றாகச் சேரும். அதனால் கீரை கட்டுகிற நாளில் டப்பாவின் மூலையில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ வையுங்கள், அல்லது சாதத்தில் எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையை அடுப்பை அணைத்து ஆறின பிறகு பிழிய வேண்டும், சூட்டில் அந்தச் சத்து போய்விடும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது போகட்டும், அது இரும்பைச் சேர விடாது. ஏழாவது படிக்கிற பெண் குழந்தைக்கு இது ரொம்ப முக்கியம். இந்த வயதில் ரத்தசோகையோடு வருகிற பெண்களைத் தினம் பார்க்கிறேன், காலையில் வெறும் வயிறு, மத்தியானம் டப்பா அப்படியே திரும்பி வருகிறது, சாயங்காலம் டீயும் பிஸ்கெட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டாலே பாதி மாற்றம் தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்தால் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகக் கல் இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தூதுவளை, வல்லாரை எல்லாம் சாப்பாட்டு அளவில் வாரத்தில் ஒரு நாள் போதும். மூலிகை என்பதால் தினமும் அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை. பையனுக்குச் சளி விடாமல் இருந்தாலோ மூச்சு இழுத்தாலோ முள்முருங்கையை நம்பி உட்காராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குடந்தை அடுப்படி எழுதியது:

செவிலிப் பெண் நல்லதாகச் சொன்னாள். முள்முருங்கை கேட்டாயே, நான் சொல்கிறேன். இட்லி அரிசி ஒரு டம்ளர் ராத்திரி ஊறப் போடு. பச்சரிசியில் பண்ணினால் சூட்டில் மொறுமொறுவென்று இருக்கும், ஆறினால் வறட்டி மாதிரி ஆகிவிடும், டப்பாவுக்குச் சரிப்படாது. முள்முருங்கை இலை ஏழெட்டு, நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிளகு அரை ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், உப்பு, அரிசியோடு சேர்த்துக் கெட்டியாக அரை. மாவு கிளிப்பச்சையாக இருக்கும். சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் டப்பாவுக்கு என்றால் வெங்காயத்தை வதக்கிப் போடு. எண்ணெய் தடவிய வாழையிலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டித் தோசைக்கல்லில் போட்டு, மூடி வைத்து இரண்டு பக்கமும் வேகவிடு. கசப்பு துளிகூட இருக்காது. பையனுக்கு மிளகு உறைத்தால் பாதியாகக் குறைத்துக்கொள், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வெல்லம் போதும். என் பேரன் இதைப் பச்சை ரொட்டி என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

கொல்லையில் நார்த்தை இருக்கிறது என்றாயே, அதன் கொழுந்து இலை வீணாகிறதா? தயிர்ச் சாதத்துக்கு வேப்பிலைக்கட்டி இடித்து வை, பேரில் மட்டும்தான் வேப்பிலை. நார்த்தை இலை இரண்டு கைப்பிடி, எலுமிச்சை இலை கிடைத்தால் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை கொஞ்சம், எல்லாம் இளசாக, நரம்பு கிழித்து. காய்ந்த மிளகாய், ஓமம் ஒரு ஸ்பூன், பெருங்காயம், கல் உப்பு, கோலி அளவு புளி. உப்பையும் மிளகாயையும் முதலில் பொடித்துவிட்டு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடி. மிக்ஸியில் என்றால் விட்டு விட்டு ஓட்டு, சூடு ஏறினால் கசக்கும். உருட்டிப் பாட்டிலில் போட்டால் மாசக் கணக்கில் இருக்கும். உன் வீட்டுக்காரர் டப்பாவில் ஒரு சுண்டைக்காய் அளவு வைத்தால் போதும், டப்பா காலியாக வரும்.

தயிர்ச் சாதம் கட்டும்போது தயிரைக் கொட்டிப் பிசையாதே, மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சோற்றைக் குழையவிட்டு மசித்து, காய்ச்சி ஆற வைத்த பால் ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் தயிர் என்று ஊற்றித் தளர்த்தியாகப் பிசை. மத்தியானம் திறக்கும்போது அப்போதுதான் தோய்ந்த மாதிரி இருக்கும். இஞ்சியும் கொத்தமல்லியும் பொடியாக நறுக்கிப் போடு. குண்டு குண்டாக இருக்கும் நம்ம ஊர்க் குடமிளகாயில் போட்ட மோர்மிளகாய் வறுத்து வைப்பதாக இருந்தால் தனியாகக் காகிதத்தில் மடித்து வை, சாதத்தின் மேல் வைத்தால் நமுத்துவிடும்.

பெரியகோயில் மெஸ்காரர் எழுதியது:

அம்மாவின் பால் கணக்கு பெரியவர்கள் டப்பாவுக்குச் சரி. சோறும் பாலும் நன்றாக ஆறின பிறகு கலக்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அந்தச் சின்னப் பையனுக்கு மட்டும் அது வேண்டாம், அவன் டப்பா வெயிலில் வேன் டிக்கியில் இருக்குமா எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அந்த இரண்டு மாதம் அவனுக்குக் கறிவேப்பிலைப் பொடிச் சாதமும் உசிலியும் போதும், தயிரை வீட்டுக்கு வந்ததும் சாப்பிடட்டும்.

டப்பாவின் ரப்பர் வளையத்தையும் தினம் கழற்றிக் கழுவுங்கள். அதற்குள் எண்ணெய்ப் பசையும் நேற்றைய சோற்றுப் பருக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கும், உங்கள் பெண் சொன்ன அந்த வாடையில் பாதி அங்கேயிருந்தும் வந்திருக்கலாம். கழுவி ராத்திரி முழுக்கத் திறந்தே காய விடுங்கள், மூடி வைக்காதீர்கள்.

பாமணிக்கரை எழுதியது:

வளையத்தை இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன் அண்ணே, நீங்கள் சொன்னது சரி, கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இட்லி அரிசியும் ஊறப் போட்டாயிற்று, அத்தை முள்முருங்கை இலை பறித்து வந்து நரம்பு கிழித்துக்கொண்டிருக்கிறார். நாளைக்குப் பையனுக்குப் பச்சை ரொட்டி, எங்கள் மூன்று பேருக்கும் கறிவேப்பிலைப் பொடிச் சாதம், பெண்ணுக்கு மட்டும் கூட ஒரு நெல்லிக்காய். வல்லாரைத் தொக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மா, தொக்குக்கு வல்லாரையோடு கொஞ்சம் தூதுவளையும் சேர்த்து அரைக்கலாமா, இல்லை தனித்தனியாகத்தான் செய்ய வேண்டுமா?

குடந்தை அடுப்படி எழுதியது:

சேர்க்கலாம். வல்லாரை மூன்று பங்கு என்றால் தூதுவளை ஒரு பங்கு. இலையின் அடியிலும் காம்பிலும் முள் இருக்கும், கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி எடு, ஒரு முள் கூடத் தப்பக் கூடாது. தூதுவளையைத் தனியாக நெய்யில் சுருள வதக்கிவிட்டு அப்புறம் சேர்.